அயினி மரத்தடியில் தார்ப்பாய்

வாவல்கள் திரும்புவதற்குள் விரித்துவிட வேண்டும்.
மணி மூன்றரை.
குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டம் முடிந்து
ஓடை தொடங்கும் இடத்தில் அந்த அயினி.
நானும் பினுவும் நீலத் தார்ப்பாயின்
நான்கு மூலைக்கும் கல் வைக்கிறோம்.
முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே புழுக்கம்.

தூரத்தில் பால்வெட்டுக்காரர்களின் நெற்றி விளக்குகள்
மரத்துக்கு மரம் நின்று நகர்கின்றன.
அவர்கள் பட்டையைக் கீறிச் சிரட்டை வைக்கிறார்கள்.
நாங்கள் எதையும் கீறாமல்
பாயை விரித்துவிட்டு அண்ணாந்து நிற்கிறோம்.
சொட்டு விழ வேண்டும், இரு கூட்டத்துக்கும்.

ஐந்துக்கு முன்பே வந்துவிட்டன,
இரவெல்லாம் ரம்புட்டான் தின்ற வயிறுகள்.
ஒன்றையொன்று ஏசி, கொம்பு பிடித்து,
தலைகீழாய் மடிந்து அடங்கும் வரை
நாங்கள் அசையவில்லை.
பிறகு பாயில் மஞ்சள் மணிகள்.
ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்துக்
குப்பியில் எண் எழுதினேன்.
மூத்திரத்துக்கு நம்பர் போடுகிற உத்தியோகம் என்று
என் மாமியார் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.
சரிதான்.

மரத்துக்காரர் தாசையன்
முதல் மாதம் கோடாலியோடு நின்றார்.
களியக்காவிளைக்கு அப்பால் காய்ச்சல் என்று
செய்தி வந்த வாரம் அது.
"வெட்டிப் போட்டா தீந்துரும்லா?"
தீராது என்றேன்.
கூடு இழந்தது பத்து ஊருக்குப் பறக்கும்.
பசியும் பயமும் கூடினால்
உள்ளே அடங்கிக் கிடப்பது ஒழுகத் தொடங்கும்.
வாவலுக்கு அது நோயே இல்லை,
பழைய வாடகைக்காரன்.
நம் வீட்டுக்கு வந்தால்தான் கூரையைப் பிரிப்பான்.
கடித்த பழம் வேண்டாம்,
அக்கானிக் கலயத்தின் வாயை மூடிக் கட்டுங்கள்,
செத்துக் கிடப்பதைக் கையால் எடுக்காதீர்கள்.
அவர் கோடாலியைத் தோள் மாற்றினார்.
நம்பினார் என்று சொல்ல முடியாது.

மாதாமாதம் முடிவு ஒரே சொல்: இல்லை.
"ஒண்ணுமில்லேண்ணா பின்ன எதுக்கு வாறிய?"
என்னிடம் பதில் இருந்தது. நீளமாக இருந்தது.
கட்டன்சாயா ஆறிக்கொண்டிருந்ததால்
சொல்லாமல் குடித்தேன்.

ஆசாரிபள்ளத்துக் குளிர்பெட்டிக்கு
இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி.
ஆனி மழையில், மின்சாரம் போய்வந்த ஒரு மாலை,
பேரேட்டில் நூற்று நாற்பத்து நான்கு.
எண்ணினால் நூற்று நாற்பத்து மூன்று.
ஜெனிட்டா எண்ணினாள். நான் எண்ணினேன்.
கதவைச் சாத்தி யாரையும் வெளியே விடவில்லை.
காட்டிலிருந்து வரப்போவதை நினைத்து
எத்தனையோ இரவு பயந்திருக்கிறேன்.
என் சொந்தக் கையுறையைப் பார்த்துப் பயந்தது
அன்றுதான்.
ஒன்றரை மணி நேரம்.
பனிப்பொருக்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது,
எண்பத்தேழாம் குப்பி.
ஜெனிட்டா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்,
பிறகு அழுதாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில்
வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்:
ஏதாவது கிடைத்தால் அதை வளர்த்து, கொஞ்சம் திருகி,
எவ்வளவு தூரம் பாயும் என்று பார்க்கலாமே?
நல்ல மனிதர். ஆர்வம்தான்.
நான் எண்பத்தேழை நினைத்துக்கொண்டு
வேண்டாம் என்றேன்.
எல்லாக் கேள்விக்கும் பதில்
ஒரு குப்பிக்குள் இருக்கக் கூடாது என்றேன்.
கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை.

நேற்று காலை தாசையன் கூப்பிட்டார்.
"பிள்ளே, வாவல் ஒண்ணு விழுந்து கெடக்கு.
தொடல்ல.
கடவத்தக் கவுத்தி மூடியிருக்கேன்.
நாயக் கெட்டிப் போட்டாச்சி.
பால்வெட்ட வந்தவனுவள வேற வழியா போகச் சொன்னேன்.
எப்ப வாறிய?"

பினு வண்டியைத் திருப்பிவிட்டான்.
கடவத்துக்குள் இருப்பது வெறும் முதுமையா,
மின்கம்பி சுட்டதா, வேறு எதுவுமா, தெரியாது.
எட்டடி தள்ளி, வெயிலில்,
கோடாலிக்காரர் காவல் நிற்கிறார்.
நான் மடியில் பெட்டியைத் திறந்து
கையுறைகளை எண்ணினேன்.
மறுபடியும் எண்ணினேன்.